புதிய பாடநெறியா, பழைய பட்டறையா, வேலைத்தலமா: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் எதை முதலில் பிடிப்பது?

ஆண்டுத் திட்டம் போடும் கூட்டத்தில் கல்லூரி அபிவிருத்திக் குழுவின் முன் வழக்கமாக மூன்று கோரிக்கைகள் வரும். புதிய பாடநெறி தொடங்குவது, இருக்கிற பட்டறையைத் திருத்துவது, பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கும் வேலைத்தலங்களைப் பிடிப்பது. காசும் ஆளும் ஒரே வருசத்தில் மூன்றுக்கும் காணாது. எங்கள் வரிசை பட்டறை, வேலைத்தலம், அதன் பிறகே புதிய பாடநெறி.

புதிய பாடநெறி கேட்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏசி திருத்தவும் சோலார் பூட்டவும் ஊரில் ஆள் தேவை. ஆனால் போதனாசிரியருக்கு ஆளணி அனுமதி, அந்தத் தொழிலுக்கான தேர்ச்சி நியமத்தில் (என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற அளவுகோலில்) சொன்ன உபகரணங்கள், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு, பாடநெறி அங்கீகாரம் என்று எல்லாம் கூடிவர வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் வகுப்பைத் தொடங்கினால் பிள்ளைக்குக் கிடைப்பது கல்லூரிச் சான்றிதழ் மட்டும்தான். என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம் கிடைக்காது. அது இல்லாமல் 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்குப் போகும் வழியும் அடைபடும்.

பட்டறைக்கு வருவோம். 20 பேர் படிக்கும் வெல்டிங் வகுப்பில் 10 மெசின் இருந்து 4 மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். 3 மணி நேரச் செய்முறையில் ஒருவருக்குக் கிடைப்பது 36 நிமிடம். 8 மெசின் ஓடினால் 72 நிமிடம். கட்டடமும் வேண்டாம், ஆளணியும் வேண்டாம், பயிற்சி இரட்டிப்பாகிவிடும். நின்றுபோன மெசினைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஹோல்டர் தேய்ந்திருக்கும், எர்த் கிளாம்ப் கறள் பிடித்திருக்கும், இல்லையென்றால் கேபிள் முனை எரிந்திருக்கும். எல்லாம் சின்னச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று விலைமனு எடுக்கப் போனால்தான் மாதக்கணக்கில் இழுபடும். தவணைக்கு ஒருமுறை ஒரே பட்டியலாக வாங்கிக் களஞ்சியத்தில் வையுங்கள்.

செலவாகும் பொருளையும் இப்படியே கணக்குப் போட வேண்டும். ஒரு செய்முறைக்கு ஒருவருக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ரொட் 10 என்றால் 20 பேருக்கு 200, ஏறத்தாழ 4 கிலோ. கிழமைக்கு மூன்று நாள் என்றால் ஆறு மாதத்துக்கு 300 கிலோ தாண்டும். செலவழியாத ஒதுக்கீடு டிசெம்பர் 31உடன் முடிந்துபோகும். புதிய ஆண்டின் காசு கைக்கு வரச் சுணங்கும். ஆகவே ஜனவரியில் சேரும் அணிக்கான ரொட்டை ஒக்டோபரிலேயே ஓடர் பண்ண வேண்டும். வந்திறங்குவது மாரியில். வாவிக்காற்று ஈரத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் ரொட்டின் மேற்பூச்சு ஈரம் பிடித்து, பற்றவைக்கும்போது பொரிந்து தெறிக்கும், ஒட்டில் துளை விழும். பிள்ளையோ தன் கைதான் பிழை என்று நினைத்துக்கொள்ளும். மூடிய அலுமாரிக்குள் 40 வாட் குண்டு பல்ப் ஒன்று எரியவிட்டால் போதும். லேத் மெசினின் தளத்தையும் வெள்ளிக்கிழமை துடைத்து எண்ணெய் பூசிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

வேலைத்தலம் பிடிப்பதில் பணத்தைவிட நாள்காட்டிதான் முக்கியம். அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் ஹோட்டல் சீசன் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. ஜனவரியில் தொடங்கி ஆறு மாதம் வகுப்பு நடந்தால் பயிற்சி ஜூலையில்தான் ஆரம்பிக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வெறிச்சோடிய ஹோட்டலில் பிள்ளை மேசை துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வகுப்பை ஒக்டோபரில் தொடங்கினால் ஏப்ரலில் அனுப்பலாம், சீசன் முழுக்கக் கைக்கு வரும். மேசன் வேலை இதற்கு மாறு. மாரிமழையில் கொத்தும் பூச்சும் நடக்காது என்பதால் நவம்பர் முதல் ஜனவரி வரை வரைபடம், அளவை, மதிப்பீடு என்று வகுப்புக்குள் முடிக்கலாம்.

வகுப்புக்குப் பிள்ளைகளின் வரவு குறைவதற்கும் காரணம் உண்டு. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெள்ளாமை வெட்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் வயலுக்குப் போவார்கள். அந்த நாட்களில் மதிப்பீட்டுப் பரீட்சை வைத்தால் இடைவிலகல்தான் கூடும். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வழி சுருங்கியது உண்மைதான், ஆனாலும் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டறிந்துதான் மாலைச் செய்முறையின் மணியை வைக்க வேண்டும்.

புதிய பாடநெறிக் கோரிக்கையைக் குழு கையில் எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: போதனாசிரியர் நிரந்தரமானவரா, அங்கீகாரக் கடிதம் கையில் இருக்கிறதா, பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக எத்தனை வேலைத்தலங்கள் எழுதித் தந்தன? ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அந்தக் காசில் நின்றுபோன மெசின்களை ஓடவையுங்கள்.