வலது பாக்கெட் துப்பாக்கிக்கு: எட்டு வருட அனுபவம்

ஹூஸ்டன் தென்மேற்கில் எனக்கு ஒரு காயின் லாண்டரி இருக்கிறது. எல்லாமே கால் டாலர் காசு போட்டால் ஓடும் மெஷின்கள். ராத்திரி பத்தரைக்குக் கடையை மூடி, அன்றைய சில்லறையை வாளிகளில் அள்ளி வண்டியில் ஏற்றப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எட்டு வருடமாகப் பேன்ட் பாக்கெட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன். இதுவரை ஒரு தடவைகூட வெளியே எடுக்க நேர்ந்ததில்லை. ஆகவே வீரக்கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே விடைபெறலாம். செருப்பு மாதிரி, மூக்குக்கண்ணாடி மாதிரி தினமும் உடம்போடு கிடக்கும் ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுத்தேன், எங்கே ஏமாந்தேன் என்பதுதான் விஷயம்.

முதலில் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 'டெக்சஸ்ல எல்லாரும் வாங்கலாம்' என்று யாராவது சொல்வதைக் கேட்டுக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்திலேயே விசா விவரத்தைக் கேட்பார்கள். எனக்கு கிரீன் கார்டு வந்தது 2015இல். அதற்கு முன்னால் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் தோளில் தொங்குவதுதான், அவ்வளவுதான் தெரியும்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். நான் அதற்கு முன்பே உரிமம் எடுத்துவிட்டேன். இப்போதும் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன். கட்டணம் 40 டாலர். வகுப்பு எடுத்த வயதானவர் 1991இல் கில்லீன் நகர லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கதையை ஆரம்பித்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அங்கே தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சட்டம் 1995இல் வந்ததற்கு அவருடைய சாட்சியமும் ஒரு காரணம். அதே வாத்தியார் அடுத்த மூச்சில், "எடுத்துச் செல்வதால் நீங்கள் போலீஸ் ஆகிவிடவில்லை" என்றும் சொன்னார். இரண்டுமே மனதில் நின்றுவிட்டன.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எல்லாரையும் போல நானும் முதலில் வாங்கியது கிளாக் 19. அருமையான துப்பாக்கி. உரிமத் தேர்வில் 50 தோட்டா, 3, 7, 15 கஜ தூரங்களில் சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அதில் 238 எடுத்தேன். ஆனால் தோட்டாவோடு கிட்டத்தட்ட 850 கிராம். என் தொழிலில் எடையைக் காசில்தான் கணக்குப் போடுவோம். ஒரு கால் டாலர் 5.67 கிராம். அப்படிப் பார்த்தால் முப்பத்தேழு டாலர் சில்லறையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் புழுக்கத்தில், டிரையர் அனலுக்கு நடுவே நிற்கிற மாதிரி. மேலே தளர்வான சட்டை, உள்ளே பனியன், அதற்கும் உள்ளே உறை. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது வாரம் அது வீட்டு லாக்கருக்குப் போயிற்று. வாங்கியவர்களில் பாதிப் பேருடைய கதை இப்படித்தான் முடிகிறது என்று நினைக்கிறேன்.

2017இல் ரூகர் எல்சிபி என்ற குட்டித் துப்பாக்கியை வாங்கினேன். 2008இல் வந்த மாடல். நீளம் ஐந்தே கால் அங்குலத்துக்கும் குறைவு, பருமன் ஒரு அங்குலம்கூட இல்லை, காலியாக 266 கிராம். பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரிதான் தெரியும். மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஆறு, குழலில் ஒன்று என்று ஏழு தோட்டா. முதல் ஒரு மாதம் ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம்.

அப்புறம் சுடும் கூடத்துக்குப் போனேன். எடை குறைந்தால் உதை கூடும் என்பது இயற்பியல், அதில் எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. கைப்பிடியில் இரண்டு விரல்தான் முழுதாக உட்காரும். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் யாரோ ஸ்கேலால் அடிக்கிற மாதிரி இருக்கும். ஸ்லைடின் (ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய் வரும் மேல்பாகம்) மேல் குறிபார்க்க இருப்பது சின்ன மேடு, சின்னப் பள்ளம், அவ்வளவே. அதே உரிமத் தேர்வை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். 3 கஜத்தில் பிரமாதம், 7 கஜத்தில் பரவாயில்லை, 15 கஜத்தில் இலக்குத்தாளில் பாதித் தோட்டாக்களைக் காணவே இல்லை. மொத்தம் 181. மணிக்கட்டைத் தளர விட்டால் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கொண்டது. அதுவும் என் பிடியின் குற்றம்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தோசையைப் பிய்க்கக் கை நடுங்கியது. "இவ்வளவு வலியோட அத எதுக்குப் பாக்கெட்ல வச்சுக்கிறீங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

கடைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கையில் கொடுக்கும்போது சின்னத் துப்பாக்கி எல்லாருக்கும் பிடித்துப்போகும். புதிதாகச் சுடுகிறவருக்கும் பெண்களுக்கும் 'கைக்கு அடக்கமா இருக்கும்' என்று இதையே எடுத்து நீட்டுவார்கள். புதியவருக்கு இதைவிடக் கஷ்டமான துப்பாக்கி கிடையாது. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். ஐம்பதாவது தோட்டாவையும் சுடும் ஆசை மிச்சமிருந்தால் வாங்கலாம்.

எல்சிபி சுடும் .380 ஏசிபி தோட்டாவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வியாக்கியானம் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908இல் வந்தது. ஒன்பது எம்எம் தோட்டாவின் அதே குறுக்களவு, ஆனால் குட்டை. சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையில் எஃப்பிஐ எதிர்பார்ப்பது 12 முதல் 18 அங்குலம் ஊடுருவல். இவ்வளவு குட்டைக் குழலிலிருந்து போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டா (முனையில் குழி உள்ளது, பட்டதும் விரிவது) விரிந்தால் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. இரண்டும் சேர்ந்து வாய்ப்பது அபூர்வம். அதனால் 'எலி கொல்லும் தோட்டா' என்று கிண்டல் செய்கிறவர்கள் நிறைய. 1948இல் காந்தியைக் கொன்ற பெரெட்டா துப்பாக்கி இதே தோட்டாவைச் சுடுவதுதான். அது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிண்டலுக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2020, 21இல் இந்தத் தோட்டாவுக்கு வந்த பஞ்சத்தையும் சொல்ல வேண்டும். கடைக்குக் கடை அலமாரி காலி. 9 எம்எம்மாவது அவ்வப்போது எட்டிப் பார்க்கும்; .380 கண்ணிலேயே படாது. அந்த ஒரு வருடம் பயிற்சியெல்லாம் வீட்டில், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று மூன்று தடவை பார்த்து, சுவரை நோக்கி வெறும் விசையை இழுத்ததுதான். ஆச்சரியமாக, என் கை திருந்தியது அந்த வருடம்தான்.

இனி உறை. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயந்தது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணம் துப்பாக்கியும் இல்லை, திருடனும் இல்லை. முதலில் வாங்கியது மலிவான ஒரு துணி உறை. விசை இருக்கும் இடத்தில் விரலால் அழுத்தினால் துணி உள்ளே போகும். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சனிக்கிழமை, மெஷின் அருகே தரையில் கிடந்த காசைப் பொறுக்கிப் பழக்க தோஷத்தில் வலது பாக்கெட்டில் போட்டுவிட்டேன். ராத்திரி வீட்டில் துப்பாக்கியை எடுத்தால் உறையும் சேர்ந்தே வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கால் டாலர், விசைக்கு நேராக, துணிக்கு வெளியே, விளிம்பு குத்தி நிற்கிற மாதிரி. எல்சிபியின் விசையை வெகுதூரம் இழுத்தால்தான் வெடிக்கும், அவ்வளவு லேசில் பின்னால் போகாது. இருந்தாலும் அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே உறையைக் குப்பையில் போட்டேன். இப்போது இருப்பது கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை. விசைப்பகுதியைக் கெட்டியாக மூடும். ஒரு பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் இழுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே நின்றுவிடும். வலது பாக்கெட்டில் துப்பாக்கியைத் தவிர சாவி, காசு, பபிள்கம் காகிதம் எதுவும் கிடையாது. திரும்ப வைக்கும்போது உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் பொருத்தி, அப்புறம் இரண்டையும் சேர்த்தே உள்ளே விடுவேன். பாக்கெட்டுக்குள் கிடக்கும் உறையில் துப்பாக்கியைத் திணிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர். .38 ஸ்பெஷல், ஐந்தே தோட்டா, 408 கிராம். சுத்தியல் உடலுக்குள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. ஜாக்கெட் பாக்கெட்டில் கை விட்டு அதைப் பிடித்தபடி நிற்கலாம். பார்க்கிறவர்களுக்குக் குளிரில் கையை ஒளித்திருக்கிறான் என்றே தோன்றும். அவசியமானால் பாக்கெட்டுக்குள்ளிருந்தே சுடவும் முடியும். ஸ்லைடு உள்ள துப்பாக்கி அப்படிச் செய்தால் துணியில் சிக்கிவிடும். ஆனால் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டால் சிலிண்டர் எலுமிச்சம்பழம் மாதிரி புடைக்கிறது. விசையும் ஏகக் கனம். ஹூஸ்டனில் ஜாக்கெட் போடும் நாட்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. இன்னும் வைத்திருக்கிறேன், ஜனவரி பிப்ரவரிக்கு மட்டும்.

2022இலிருந்து எல்சிபி மேக்ஸ். ரூகர் 2021இல் கொண்டுவந்தது. பருமன் பழையதைப் போலவேதான், எடை 300 கிராம். பழையதைவிட ஆறு கால் டாலர் காசு கூடுதல், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக மேகசினிலேயே பத்துத் தோட்டா, இருட்டில் ஒளிரும் முன்குறி, சுண்டுவிரலுக்குப் பாதி இடம். முன்குறிதான் எனக்கு முக்கியம்; நான் வெளியே வரும் நேரத்தில் பார்க்கிங்கில் ஒரே ஒரு விளக்குதான் எரியும். தேர்வு மதிப்பெண் இதில் 219. மாதம் ஐம்பது தோட்டா சுடுகிறேன், தோசை பிய்க்க முடிகிறது.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். கார் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் முன்பாக்கெட்டிலிருந்து துப்பாக்கியை எடுக்கவே முடியாது. முயன்று பாருங்கள், இடுப்பைத் தூக்கி ஒரு சர்க்கஸ் நடத்த வேண்டியிருக்கும். பேன்ட் வாங்கும்போது இனி நீளத்தைப் பார்க்க மாட்டீர்கள், பாக்கெட்டுக்குள் கை விட்டுப் பார்ப்பீர்கள். பெல்லேர் பக்கம் வியட்நாமியத் தையல்காரம்மா ஒருவர் என் பேன்ட்டுகளுக்கெல்லாம் வலது பாக்கெட்டை மட்டும் கெட்டித் துணியில் மாற்றிக் கொடுக்கிறார். எதற்கு என்று இதுவரை கேட்டதில்லை.

பஞ்சுத் தூசி எல்லாருக்கும் தொல்லை. லாண்டரிக்காரனுக்கு இரட்டைத் தொல்லை. வாரம் ஒரு தடவை கழற்றித் துடைக்காவிட்டால் குழல் வாயிலும் விசை இடுக்கிலும் சாம்பல் நிறத்தில் கூடு கட்டியிருக்கும். வியர்வையில் ஸ்லைடின் ஓரம் துரு பிடித்ததும் உண்டு. அது என் சோம்பேறித்தனம். துடைப்பதற்காகக் குழலிலிருந்து எடுக்கும் தோட்டாவையே திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினால் ஈயமுனை பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அப்படி அமுங்கினால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும்.

எங்கே கொண்டு போகக் கூடாது என்பது தனிப் பாடம். தபால் நிலையம், பள்ளிக்கூடம், '51%' பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனை என்று அர்த்தம்) மாட்டிய பார் எதிலும் கூடாது. கடை வாசலில் 30.06 என்ற டெக்சஸ் சட்டப் பிரிவைச் சொல்லி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல எழுத்தில் பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் மறைத்துக்கூட உள்ளே கொண்டு போக முடியாது. காரில் விட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் கார் கண்ணாடியை உடைக்கிறவன் தேடுவதே அதைத்தான். சீட்டுக்கு அடியில் கம்பியால் பிணைத்த சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளில் இந்தக் கவலையே இல்லை. வேட்டிக்கு ஏது பாக்கெட்? வீட்டு லாக்கரில் தூங்கும். வீட்டிலும் அப்படித்தான், தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சஸில் குற்றம். மகளுக்குப் பதினொரு வயது. கடையிலிருந்து வந்ததும் முதலில் லாக்கர், அப்புறம்தான் கைகால் கழுவுவது.

போன டிசம்பரில் மதுரை போயிருந்தோம். மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ். கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையை வாங்கினேன், இடது பாக்கெட்டில் போட்டேன். "அப்பா, ரைட்ல ஒண்ணும் இல்லப்பா" என்றாள் மகள். ஊர் திரும்பும்வரை அதில் எதையும் போட எனக்குக் கை வரவில்லை.