கொரோனா ஆரம்பத்துல அரசு ஹெல்ப்லைன், வெப்சைட்: ரெண்டு ஸ்டார், ஏன்னு சொல்றேன்

ரெண்டு ஸ்டார் குடுக்கறேன். அதுல ஒண்ணு முழுசா ஹெல்ப்லைன்ல பேசின ஒரே ஒரு அம்மாவுக்கு, அவங்கள பத்தி கீழ சொல்றேன். இன்னொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டாலும் யாரோ ஒருத்தர் போன எடுத்தாங்கல்ல, அந்த நேரத்துல அது எவ்ளோ பெரிய விஷயம்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும், அதுக்கு.

2020 பிப்ரவரியிலேர்ந்து ஜூலை வரைக்கும் நான் இந்த சேவைய கிட்டத்தட்ட தினமும் யூஸ் பண்ணேன். அப்பாவுக்கு அப்போ 73 வயசு, சுகர், மூட்டு வலி, நுரையீரலும் அவ்ளோ நல்லா இல்ல. வீட்டுக்குள்ள யார் வரலாம், யார் வெளிய போகலாம், செக்கப்புக்கு கூட்டிட்டு போறதா வேண்டாமா எல்லாமே நான் முடிவு பண்ணணும். எனக்கு மெடிக்கல் படிப்பு கிடையாது. அதனால ஹெல்த் டிபார்ட்மென்ட் வெப்சைட், சாயங்காலம் வர்ற பிரஸ்மீட், ஹெல்ப்லைன், இதுல என்ன சொல்றாங்களோ அப்படியே கேட்டு நடக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தேதி போட்டு ஒரு நோட்ல எழுதவும் செஞ்சேன், ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வெச்சேன். இத டைப் பண்றப்போ அந்த நோட்டு பக்கத்துலதான் இருக்கு.

முதல்ல மாஸ்க். பிப்ரவரி கடைசியில நோட்ல எழுதியிருக்கேன், "நல்லா இருக்கறவங்களுக்கு மாஸ்க் தேவையில்லை, இருமல் காய்ச்சல் இருந்தா மட்டும் போடவும்". அது வெப்சைட்ல பெரிய எழுத்துல இருந்துச்சு. நான் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க சொந்தக்காரங்க க்ரூப்ல போட்டு, "அரசு சைட்லயே போட்ருக்காங்க, யாரும் அலைஞ்சு மாஸ்க் வாங்காதீங்க"ன்னு கீழ எழுதினேன். நல்லது பண்றதா நெனச்சுதான் பண்ணேன்.

இது எங்க ஊர்ல மட்டும் நடந்த கதை இல்ல. அமெரிக்க அரசோட தலைமை பொது சுகாதார அதிகாரி (சர்ஜன் ஜெனரல்) ஜெரோம் ஆடம்ஸ் பிப்ரவரி 29 அன்னைக்கு ட்விட்டர்ல மாஸ்க் வாங்கறத நிறுத்துங்க, பொதுமக்களுக்கு அது பலன் தராது, ஆனா மருத்துவ ஊழியர்களுக்கு கிடைக்காம போனா எல்லாருக்கும் ஆபத்துன்னு எழுதினாரு. இத படிச்சப்போ எனக்கு வந்த கேள்விதான் உலகம் பூரா எல்லாருக்கும் வந்திருக்கும், எனக்கு பலன் தராத பொருள் நர்ஸுக்கு மட்டும் எப்படி பலன் தரும்? ஹெல்ப்லைன்ல கேட்டேன். அந்த பையன் எழுதி வெச்சத வாசிச்சான், "நல்லா இருக்கறவங்களுக்கு தேவையில்லை மேடம்". ஏன்னு மறுபடி கேட்டேன், மறுபடி அதே வரி. அவன் மேல கோவம் இல்ல, அவன் கையில இருந்தது அந்த ஒரு பேப்பர்தான்.

உண்மையான காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. மார்ச் 3 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனமே வெளிப்படையா சொல்லிச்சு, இந்த நோய சமாளிக்க உலகத்துக்கு மாசம் சுமார் 8.9 கோடி மெடிக்கல் மாஸ்க் வேணும், உற்பத்திய 40 சதவீதம் ஏத்தணும்னு. அதாவது சரக்கு இல்ல. அத நேரா எங்க கிட்ட சொல்லியிருக்கலாம், "மாஸ்க் பத்தல, ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு விட்டுக்குடுங்க, நீங்க துணி கட்டிக்கோங்க, அது எவ்ளோ தடுக்கும்னு இன்னும் சரியா தெரியல, ஆனா ஒண்ணுமில்லாததுக்கு அது மேல்"னு. எத்தன பேர் சந்தோஷமா விட்டுக்குடுத்திருப்பாங்க! தைவான்ல பிப்ரவரி 6-லயே ஹெல்த் இன்சூரன்ஸ் கார்ட காட்டினா பெரியவங்களுக்கு வாரம் ரெண்டு மாஸ்க்னு பங்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. அங்கயும் தட்டுப்பாடுதான். ஆனா இருக்கறது இவ்ளோதான், பகிர்ந்துக்குவோம்னு சொன்னாங்க, உனக்கு இது தேவையே இல்லன்னு சொல்லல.

ஏப்ரல் 3 அன்னைக்கு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. துணி மாஸ்க் போடுங்கன்னு மாத்திட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் கூட்டமான இடத்துல பொதுமக்கள் துணி மாஸ்க் போடறத அரசுகள் ஊக்குவிக்கணும்னு சொன்னது ஜூன் 5-ல. நடுவுல எங்க வெப்சைட்டும் மாறிடுச்சு, எந்த நாள்னு என்னால சொல்ல முடியாது, ஏன்னா அவங்க சொல்லவே இல்ல. பழைய வரி இருந்த அதே இடத்துல புது வரி. நேத்து வரைக்கும் வேற சொன்னோம், இன்னைக்கு இந்த காரணத்தால மாத்தறோம்னு ஒரு வார்த்தை கிடையாது. இந்த சேவையில எனக்கு இருக்கற பெரிய குறை இதுதான், மத்ததெல்லாம் இதுலேர்ந்து வந்ததுதான்.

மே மாசம் சித்தப்பாவுக்கு போன் பண்ணேன். வெளிய போறப்போ மாஸ்க் போட மாட்டேங்கறாருன்னு சித்தி அழுதாங்க. நான் எடுத்து சொன்னேன், அரசு சொல்லுது சித்தப்பா, எல்லாரும் போடணும்னு. அவரு அமைதியா, "நீதானேம்மா தேவையில்லன்னு அனுப்பின, இன்னும் என் போன்லயே இருக்கு, அரசு சைட்டுதானே அது"ன்னாரு. எனக்கு பதிலே வரல. அவரு பிடிவாதம் பிடிக்கல, ஏட்டிக்கு போட்டி பேசல, அரசு சொன்னத அப்படியே நம்பி மூணு மாசமா நடந்துக்கிட்டிருக்காரு. வெப்சைட்ல வரி மாறிடுச்சு, அவரு போன்ல மாறல. அவருக்கு அத மாத்தி சொல்ல வேண்டியது யாரு? அன்னைக்கு நான்தான் சொன்னேன், பிப்ரவரில நான் அனுப்பினது இப்போ சரியில்ல, அப்போ எனக்கு தெரிஞ்சது அவ்ளோதான்னு. மறுநாள்லேர்ந்து போட்டுக்கிட்டாரு. என் பேச்சுல பெருசா ஒண்ணும் இல்ல, ஏன் மாறிச்சுன்னு ஒருத்தர் நேரா சொன்னது அதுதான் முதல் தடவ.

மாத்தி மாத்தி சொல்றாங்கன்னு திட்டறவங்க பக்கமும் நான் இல்ல, அத தெளிவா சொல்லிடறேன். இப்படி ஒரு நோய் பரவுதுன்ற தகவலே 2019 டிசம்பர் 31-லதான் உலக சுகாதார நிறுவனத்துக்கு தெரிய வந்துச்சு, அதுவும் காரணம் தெரியாத நிமோனியான்ற பேர்ல. பிப்ரவரி 11-லதான் கோவிட்-19னு பேரே வெச்சாங்க. ரெண்டு மாச குழந்தை மாதிரி இருந்த ஒரு விஷயத்த பத்தி யாருக்கு முழுசா தெரிஞ்சிருக்கும்? மாறத்தான் செய்யும், மாறாம இருந்திருந்தாதான் பயப்படணும். ஆனா "உதவுதுன்னு இன்னும் நிரூபணம் ஆகல"ன்றது வேற, "உதவாது"ன்றது வேற. முதல்ல சொன்னது ஆராய்ச்சி பண்றவங்க பேசறது, அத நோட்டீஸ்ல போடறப்போ ரெண்டாவதா சொன்னது மாதிரி சுருக்கிட்டாங்க. வீட்ல உக்காந்து படிக்கற எங்களுக்கு சுருக்கினதுதான் கிடைச்சுது.

வலி மாத்திரை விஷயம் இன்னும் மோசம். அப்பா மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக்குடுத்த ஐபுப்ரோஃபன் எடுத்துக்கிட்டிருந்தாரு. மார்ச் 14 அன்னைக்கு பிரான்ஸோட சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான், இந்த மாதிரி மாத்திரைங்க தொற்ற மோசமாக்கலாம், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடுங்கன்னு ட்விட்டர்ல போட்டாரு. 17-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்து தரப்புல அந்த சந்தேகம் தெளிவாகற வரைக்கும் தானா ஐபுப்ரோஃபன் எடுக்க வேண்டாம், பாராசிட்டமால் எடுங்கன்னாங்க. 18-ஆம் தேதி அதே நிறுவனம், ஐபுப்ரோஃபன வேண்டாம்னு நாங்க சொல்லல அப்படின்னு போட்டாங்க. ஒரே ராத்திரி இடைவெளி. இங்க என் கையில மாத்திரை அட்டை, அந்த பக்கம் வலியில அப்பா. குடுக்கறதா வேண்டாமா? டாக்டர் க்ளினிக்க மூடிட்டு போயிட்டாரு, போன் எடுக்கல. ஹெல்ப்லைன்ல முதல் தடவ பேசினவர் நிறுத்திடுங்கன்னாரு, மறுநாள் வேற ஒருத்தர் அப்படி ஒண்ணும் இல்ல குடுங்கன்னாரு. ரெண்டையும் நோட்ல எழுதியிருக்கேன், ஒண்ணுக்கு கீழ ஒண்ணு.

மூணாவது தடவ எடுத்தவங்கதான் நான் மேல சொன்ன அம்மா. பேர் சொன்னாங்க, இங்க போடல. முழுசா கேட்டாங்க, நடுவுல குறுக்கிடவே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "இதுக்கு எங்க கிட்ட இன்னும் சரியான பதில் வரல மேடம். நான் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லி நீங்க அப்பாவுக்கு குடுத்துடக் கூடாது. உங்க நம்பர் குடுங்க, இங்க டாக்டர் ஒருத்தர் இருக்காரு, கேட்டுட்டு கூப்பிடறேன்." அந்த மாசத்துல முதல் தடவயா எனக்கு மூச்சு சீரா வந்துச்சு. பதில் கிடைக்கல, ஆனாலும் நிம்மதியா இருந்துச்சு, ஏன்னா தெரியலன்றத தெரியலன்னு சொன்ன முதல் ஆள் அவங்கதான். சாயங்காலம் கூப்பிட்டாங்க, அந்த டாக்டரையே லைன்ல குடுத்தாங்க, அவரு அப்பாவோட சுகர், கிட்னி ரிப்போர்ட் எல்லாம் கேட்டுட்டு வேற மாத்திரை சொன்னாரு. அதோட முடிஞ்சிருந்தாலே நன்றி சொல்லியிருப்பேன். நாலு நாள் கழிச்சு அவங்களே மறுபடி கூப்பிட்டாங்க. "அன்னைக்கு உங்க கிட்ட தனிமைப்படுத்தறத பத்தி ஒண்ணு சொன்னேன்ல, அதுல ஒரு விஷயம் மாறியிருக்கு, உங்க கிட்ட பழசு இருக்குமேன்னு கூப்பிட்டேன்." பழைய பதில் யார் கையில இருக்குன்னு யோசிச்சு, தேடி வந்து மாத்தி குடுத்த ஒரே ஆள்! இத யாரும் அவங்கள செய்ய சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க தனி ஆளா செஞ்சத சேவையே செஞ்சிருக்கணும்.

தூரம் விஷயமும் குழப்பம்தான், உலக சுகாதார நிறுவனம் ஒரு மீட்டர், அமெரிக்கா ஆறு அடி, பிரிட்டன் ரெண்டு மீட்டர். நாங்க பெரிய தூரத்த எடுத்துக்கிட்டோம், அதுல பெருசா சிரமம் இல்ல.

ஆனா காத்து விஷயத்த என்னால அப்படி கடந்து போக முடியல. மார்ச் 28 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் "உண்மை: கோவிட்-19 காத்துல பரவாது"ன்னு அடிச்சு சொல்லி ஒரு படம் போட்டாங்க. நாங்க அத நம்பி கதவு கைப்பிடி, சுவிட்ச், பை, கவர் எல்லாத்தையும் தினமும் தொடச்சோம், கை தோல் உரிஞ்சுது. ஜன்னல மட்டும் சாத்தியே வெச்சிருந்தோம், தூசி வந்தா அப்பா இருமுவாருன்னு. செக்கப்புக்கு போன இடத்துலயும் மூடின ரூம்ல ஒரு மீட்டர் தள்ளி தள்ளி நாற்காலி போட்டு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சாங்க, நானும் ஒரு மீட்டர் இருக்கேன்னு நிம்மதியா இருந்தேன். ஜூலையில லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ரெண்டு பேரும் எழுதின கடிதத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு குடுத்து, காத்துல பரவறத கவனிங்கன்னு கேட்டாங்க. ஜூலை 9-ல உலக சுகாதார நிறுவனம் மூடின இடங்கள்ல அந்த வாய்ப்ப தள்ளிட முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. பொருள தொட்டு தொற்று வர்ற வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழன்னு சி.டி.சி. சொன்னது 2021 ஏப்ரல்ல. உலக சுகாதார நிறுவனத்துல தலைமை விஞ்ஞானியா இருந்த சௌமியா சுவாமிநாதன் 2022-ல பதவிய விட்டு போறப்போ, காத்துல பரவறத இன்னும் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு வெளிப்படையா சொன்னாங்க. அத படிச்சப்போ எனக்கு அவங்க மேல மரியாத கூடித்தான் போச்சு. ஆனா அந்த சாத்தின ஜன்னல நெனச்சா இன்னும் மனசு வலிக்குது. "இப்போதைக்கு உறுதியா தெரியல, ஜன்னல தொறந்து வைங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு வரி போதும்.

நல்லதையும் சொல்லணும். மார்ச் 20-ல உலக சுகாதார நிறுவனம் ஆரம்பிச்ச வாட்ஸ்அப் சேவை எனக்கு உபயோகமா இருந்துச்சு, ஹாய்னு அனுப்பினா மெனு வரும், நம்பர் தட்டினா பதில் வரும், நெட் ஸ்லோவா இருந்தாலும் வேலை செஞ்சுது. க்ரூப்ல வர்ற கண்ட வதந்திக்கும் அதுலேர்ந்து எடுத்து போட முடிஞ்சுது. ஹெல்ப்லைன்ல வேலை செஞ்சவங்க யாரும் என் மேல எரிஞ்சு விழல, ஒருத்தர் குரல் கம்மி போயிருந்துச்சு, எத்தன மணி நேரமா பேசறாரோன்னு நானே தண்ணி குடிங்கன்னு சொன்னேன்.

போன வாரம் அதே வெப்சைட்ட திறந்து பாத்தேன், வேற ஒரு காய்ச்சல் பத்தி தேட. இப்போ பக்கத்துக்கு கீழ கடைசியா புதுப்பிச்ச தேதி போடறாங்க. என்ன மாறிச்சு, ஏன் மாறிச்சுன்னு இல்ல, பழைய பக்கத்த பாக்க வழியும் இல்ல. அவங்க ஃபீட்பேக் பாக்ஸ்ல இத எழுதி அனுப்பியிருக்கேன், அந்த அம்மா திரும்ப கூப்பிட்ட கதையோட. அந்த வசதி வந்தா மூணாவது ஸ்டார இங்கயே வந்து சேக்கறேன்.