ஒட்டு நிற்கிறது, எண்ணெய்தான் காயவில்லை

போன கிழமை கூட்டாளி ஒருவன் கேட்டான்: "மச்சான், எங்கட பழைய துவக்கின்ர கட்டையும் வெடிச்சுப் போச்சு. நீ ஒட்டினது இன்னும் நிக்குதா?"

நிற்கிறது. மூன்று வருடமாகிறது.

அப்பாவின் பி.எஸ்.ஏ. மீட்டியோர் எயார் ரைபிள் அது. பர்மிங்ஹாமில் 1959இல் வரத் தொடங்கிய மாடல், தோளில் வைக்கும் கட்டை பீச் மரம். கை பிடிக்கிற மெலிந்த இடத்தில், மர ரேகையோடு சாய்வாக வெடித்திருந்தது. முதலில் தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன். பைண்டர் கம் பூசி, அது போதாதென்று இரண்டு ஆணியும் அடித்துத் தந்தார். ஒரு மாதம் தாங்கவில்லை. மனுசனைத் திட்டித் தீர்த்த பிறகுதான் விளங்கியது, பாதிப் பிழை அப்பாவுடையது. துருப்பிடிக்கக் கூடாதென்று தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஊற்றி, குழல் மேலே பார்க்கச் சுவரில் சாத்தி வைப்பார். அத்தனையும் இறங்கிக் கட்டைக்குள் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் பசை எப்படிப் பிடிக்கும்?

இரண்டாம் முறை நானே இறங்கினேன். ஆணிகளைப் பிடுங்கி, வெடிப்பில் மெல்லிய ஆப்பு வைத்து, பல்கனியில் உட்கார்ந்து அசிட்டோனால் கழுவினேன். துணியில் கறுப்பு வருவது நிற்க நாலு நாள். பிறகு அரல்டைட் என்ற இரண்டு டியூப் கலந்து பூசும் எபொக்சிப் பசை, ஐந்து நிமிடத்தில் இறுகுவது சரிவராது, மெதுவாக இறுகுவதுதான் வேண்டும். ஹெயார் ட்ரையரால் சூடு காட்ட, கித்துள் பாணி மாதிரி இளகி வெடிப்புக்குள் தானாக இறங்கியது. மறுபக்கம் மயிரிழையாக அது எட்டிப் பார்த்தபோது கத்தியே விட்டேன். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டேன். பழைய சோனகத் தெருவில் வாங்கிய 4 மி.மீ. பித்தளைப் புரிக்கம்பியைக் குறுக்கே துளைத்து இறக்கியதும் சேர்த்தி. இந்த மாதிரி ஸ்பிரிங்கில் வேலை செய்யும் எயார் ரைபிள் பின்னுக்கும் உதைக்கும், முன்னுக்கும் உதைக்கும். நாலு டப்பா குண்டு முடிந்தும் அந்தக் கோட்டில் நகம் தட்டுப்படவில்லை.

கட்டைக்கு மேல்பூச்சாகப் பூசும் எண்ணெய் விசயத்தில்தான் சறுக்கினேன். விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் பேட்டுக்குப் பூசும் லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கி, மே மாத மழைக்குள் மொத்தமாக மூன்று பூச்சு. பச்சை லின்சீட், அதாவது பாயில்ட் இல்லாதது, காய வாரக்கணக்காகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் கொழும்புக் காற்றில்! பேட்டை யாரும் துவக்குக் கட்டை மாதிரிக் கன்னத்தில் வைத்து அழுத்துவதில்லையே. டர்பன்டைனால் இரண்டு தரம் துடைத்தும், மழை வந்தால் திரும்பப் பிசுபிசுக்கிறது. தூசி, தலைமயிர், உறையின் பஞ்சு எல்லாம் அதில்தான்.

"அப்ப நானும் செய்யட்டோ?" என்றான்.

"வேண்டாம், பேசாமல் ஒரு பாஸிடமே குடு" என்றேன். அன்று காலையிலிருந்தே மழை. பிறகு மனம் கேட்காமல் மெசேஜ் போட்டேன்: செய்தால் பாயில்ட் லின்சீட் வாங்கு, மெல்லிசாகப் பூசித் துடை, துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடு, இல்லாவிட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.