காரைக்குடி திசுச் சாயக்கூடம்: ஸ்லைடை நம்பலாம், மதிப்பெண்ணை அல்ல

நலமான, புற்றுள்ள பெருங்குடல் திசுவில் சைட்டோகைன் ஏற்பிகளை (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்களைப் பிடிக்கும் செல் புரதங்களை) ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ அலையாமல், காரைக்குடியிலேயே ஒரு தனியார் கூடம் செய்து தருகிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சி மாணவர்கள். கூடத்தின் கைவேலை நன்று. அறிக்கைதான் இடறுகிறது.

திசு வாங்கும் இடத்தில் கறாராக இருக்கிறார்கள். குடலை வெட்டி எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் எழுதித் தராவிட்டால் வாங்குவதில்லை. சரியான பிடிவாதம். 10% பஃபர் ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்காவது, 6 முதல் 72 மணி நேரம் வரை. குடலை நீளவாக்கில் பிளந்து விரித்துப் போட வேண்டும்; குழாயாகவே போட்டால் உள்சவ்வுக்கு ஃபார்மலின் எட்டாமல் அழுகிவிடும். சித்திரை வெயிலில் மேசையில் கிடந்த திசுவில் எபிதீலியம் (உள்பரப்பை மூடும் செல் அடுக்கு) உரிந்துபோய், இருந்த ஏற்பியும் இல்லாததுபோல் தெரியும்.

வெட்டு 3-4 மைக்ரான். மடிப்போ கிழிசலோ அபூர்வம். திசுவிலேயே இருக்கும் பயாட்டின் என்ற வைட்டமினைச் சாராத பாலிமர் கிட் பயன்படுத்துவதால் பின்னணி சுத்தம். ஆனால் திசுவில் உள்ள பெராக்சிடேஸை (சாயத்தைப் பழுப்பாக்கும் நொதியை) தடுக்கும் கட்டத்தில் அவசரம் தெரிகிறது. நலமான பெருங்குடலிலேயே ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் நிறைய உண்டு. அவற்றின் சொந்த பெராக்சிடேஸ் பழுப்பாகி ஏற்பிபோல் ஏமாற்றும். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, முழுசாகப் பத்து நிமிடம் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் ஆன்டிபாடி (ஏற்பியைப் பிடிப்பது) இல்லாத ஸ்லைடு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிடும் கன்ட்ரோலுக்கு, எல்லாவற்றுக்கும் டான்சில் திசுவையே வைக்கிறார்கள். ஐ.எல்-22 (ஐ.எல் என்பது இன்டர்லூக்கின், ஒரு சைட்டோகைன் வகை) ஏற்பி 1-க்குக் கணையம், ஐ.எல்-6 ஏற்பிக்குக் கல்லீரல், ஐ.எல்-13 ஏற்பி ஆல்ஃபா 2-க்கு விந்தகம் என்று பிரித்துக் கேளுங்கள். ஐ.எல்-22 ஏற்பி 1 எபிதீலியத்தில்தான் இருக்கும், நோயெதிர்ப்புச் செல்களில் இராது. ஸ்லைடில் லிம்ஃபோசைட்டுகளும் பழுத்திருந்தால் அந்த ஆன்டிபாடியைத் தூக்கிப் போடலாம்.

இனி மதிப்பெண். எபிதீலியம், ஸ்ட்ரோமா (அதைத் தாங்கும் இணைப்புத் திசு) இரண்டையும் கலந்து ஒரே எச்-ஸ்கோர் (சாயத் தீவிரம் 0-3 ஐச் செல் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டியது) தருகிறார்கள். புற்றில் ஸ்ட்ரோமாவின் பங்கும் அதில் புகுந்த செல்களும் வேறு; கலந்து எண்ணினால் கிடைக்கும் வித்தியாசம் ஏற்பியுடையதா, செல் கலவையுடையதா என்று சொல்ல வழியில்லை. தவிர, எல்லாச் செல்களும் மங்கலாகப் பழுத்தாலும் 100, பாதிச் செல்கள் நடுத்தரமாகப் பழுத்தாலும் 100. கிரிப்ட்டின் (உள்சவ்வில் உள்ள குழிச் சுரப்பியின்) அடி, மேல்பகுதி, ஸ்ட்ரோமா என்று தனித்தனியாக, தீவிரம் வேறு சதவீதம் வேறாக வாங்குங்கள். 'நார்மல்' என்று அவர்கள் எழுதுவது பல நேரம் புற்றை ஒட்டிய திசு. அதை நலமான குடல் என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். கட்டியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறியுங்கள்.

ஐ.எல்-6 ஏற்பி 'நெகட்டிவ்' என்று வந்தால் அந்த வழி அடைபட்டது என்று பொருளில்லை. இரத்தத்தில் கரைந்து மிதக்கும் ஏற்பியும் செல்மேல் உள்ள ஜி.பி.130 என்ற புரதமும் சேர்ந்தும் சமிக்ஞை கடத்தும். அந்த வழி செயல்படுவதைக் காட்டும் பாஸ்ஃபோ-ஸ்டாட்3 சாயத்தையும் சேர்த்துக் கேட்பது உத்தமம். திசு தாமதமாக ஃபார்மலினில் போயிருந்தால் முதலில் மறைவதும் அதுதான். டி.ஜி.எஃப்-பீட்டா ஏற்பி 2 பார்ப்பவர்கள் கட்டியின் மைக்ரோசாட்டலைட் நிலையை (டி.என்.ஏ-வில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்கள் மாறாமல் இருக்கின்றனவா என்பதை) முன்பே அறிந்துகொள்ள வேண்டும். நிலையற்ற கட்டிகளில் அந்த ஜீனில் அடினைன் என்ற டி.என்.ஏ எழுத்து பத்து முறை தொடரும் இடம் பிசகி, புரதம் பாதியில் நின்றுவிடும். ஆன்டிபாடி புரதத்தின் எந்த முனையைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துச் சாயம் மாறும்.

நோயாளியின் வீட்டார் யாராவது இதைப் படித்தால்: சிகிச்சை முடிவுக்கு இந்த ஏற்பிச் சோதனைகள் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எம்.எல்.எச்1, எம்.எஸ்.எச்2, எம்.எஸ்.எச்6, பி.எம்.எஸ்2 ஆகிய டி.என்.ஏ பிழைதிருத்தும் புரதங்கள் நான்கும் பார்த்தாயிற்றா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் மீதி பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிவைத்த ஸ்லைடுகள் நாள்பட்டால் சாயம் பிடிக்காது. பிளாக் கையில் இருந்தால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.