அன்றே சொல்வதா, ஆராய்ந்த பின் சொல்வதா?

நான்கு கிலோ பூனைக்கு மெலாக்சிகாம் வலிநிவாரணியை, மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கொண்ட பூனைப் புட்டிக்குப் பதிலாக, 1.5 மில்லிகிராம் கொண்ட நாய்ப் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால், சிரிஞ்சில் தெரியும் 0.4 மில்லிலிட்டர் கோடு மாறாமலேயே மருந்து மும்மடங்காகிவிடுகிறது. தவறு தெரிந்தவுடன் மருத்துவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

அன்றே சொல்லிவிட்டால் உரிமையாளர் கொதித்தெழலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்தை நாடவும் செய்யலாம். ஆனால் பூனை வாந்தி எடுக்கிறதா, தீனியை ஒதுக்குகிறதா, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறதா என்று இரவில் கண்விழித்துப் பார்க்கப்போவது அவர்தான். மிகை மருந்தால் பாதிக்கப்படக்கூடிய சிறுநீரகத்தைக் காக்க, சலைன் போன்ற திரவம் ஏற்றுவதற்கு அவருடைய ஒப்புதலும் தேவை.

உள்விசாரணை முடிந்தபின் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை: இரு புட்டிகளும் ஒரே தட்டில் இருந்தனவா, எடுத்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பது தெளிந்தபின் பேசினால் அரைகுறைத் தகவல் போகாது, உதவியாளர் மீது அவசரப் பழியும் விழாது. எனினும் சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழந்த பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்கிறது என்பதால், இந்த நோயாளி விசாரணைக்காகக் காத்திருக்காது. என்ன நடந்தது என்பதை அன்றே சொல்லி, ஏன் நடந்தது என்பதற்கு மட்டும் அவகாசம் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.