பழைய பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் நாங்கள் ஏமாந்த கச்சேரியின் நோட்டீஸ் நேற்று வாட்ஸ்அப்பில் மறுபடி வந்தது. படம் அதேதான், தேதி மட்டும் வேறு. நாங்கள் பட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் நடத்தியவர் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் சொல்லவில்லை. சென்னையில் நடந்தது, அவ்வளவுதான்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி பள்ளி ஆசிரியை, அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். இருவருக்கும் விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் பாட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த காது. ‘60களின் கீதங்கள், 20 இசைக்கலைஞர்கள், முழு நேரடி ஆர்கெஸ்ட்ரா’ என்று நோட்டீஸ் பார்த்ததும் மனைவி, “ஏங்க, போயிட்டு வந்துடலாமா?” என்றாள். ஆளுக்கு 1,200 ரூபாய், டிபன் கூப்பனோடு. இன்றைக்கே கட்டினால் மூத்த குடிமக்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. ஒரு தனி ஆளின் நம்பருக்கு ஜிபேயில் 2,160 அனுப்பினேன். ரசீது வரவில்லை. ‘சி வரிசை 14, 15’ என்று எழுதிய ஒரு படம் மட்டும் வந்தது. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, ஆட்டோவில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலில் கூட்டமில்லாத தரிசனம், மாட வீதியில் சாப்பாடு, நாகேஸ்வர ராவ் பூங்காவில் வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம். மனைவி பெஞ்சிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தாள். ரிட்டையர் ஆன பிறகு இப்படி அவசரமில்லாமல் ஒரு நாள் அமைந்ததே அபூர்வம்.

அரங்க வாசலில் சீட்டுப் படத்தைக் காட்டினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பையன், “முன்னாடி ஆறு வரிசை ஸ்பான்சர்ஸ் சார், பின்னாடி எங்க வேணும்னாலும் உக்காருங்க” என்றான். சி வரிசைக்குத்தானே பணம் கட்டினோம் என்றால், “அண்ணன்கிட்ட பேசுங்க” என்கிறான். அண்ணன் கடைசிவரை கண்ணில் படவில்லை. பால்கனிக்கு அடியில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

திரை விலகியது. எண்ணிப் பார்த்தேன், எட்டுப் பேர். சரி, எட்டுப் பேர் வாசித்தாலும் போதுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் வயலின் கூட்டமாக எழுகிறது, ஆனால் மேடையில் ஒரே ஒரு வயலின். பழக்கதோஷம், என் கண் ஒயரைத் தேடிப் போனது. அக்கார்டியன்காரர் முன்னால் மைக்கே இல்லை. ஒலியைக் கலக்கும் மிக்ஸர் மேஜையில் ஒரு லேப்டாப், அதிலிருந்துதான் ஒரு கறுப்பு ஒயர் மிக்ஸருக்குப் போகிறது. மனைவி என் கையைத் தட்டி, “அந்தத் துருத்தியைப் பாருங்க” என்றாள். அக்கார்டியனில் துருத்தியை விரித்து மூடினால்தான் சத்தம் வரும். இங்கே துருத்தி மூடியபடி இருக்கிறது, வாசிப்பவர் விரல்கள் கட்டைகள் மேல் ஓடுகின்றன, அரங்கமெல்லாம் அக்கார்டியன் ஒலிக்கிறது!

மூன்றாவது பாட்டில் குட்டு முழுசாக உடைந்தது. பாடிய பெண் இரண்டாவது சரணத்துக்கு ஒரு அடி தாமதமாக வந்தாள். நிஜ ஆர்கெஸ்ட்ராவாக இருந்தால் தபலாக்காரர் ஒரு பார்வை பார்த்து, இன்னொரு சுற்று வாசித்து, பாடுபவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இங்கே இசை யாருக்கும் காத்திருக்கவில்லை. அவள் தடுமாறி நின்றாள். தபலாக்காரரும் கையை எடுத்துவிட்டார். தபலா மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல குரல். ட்ராக்குக்கு, அதாவது முன்பே பதிவு செய்த இசைக்குப் பாட வைத்துவிட்டு ஆர்கெஸ்ட்ரா என்று எங்களிடம் காசு வாங்கியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் பொன்னாடை. ஐம்பது நிமிடம், கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். டிபன் கவுண்டருக்குப் போனபோது இட்லி தீர்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி கேசரி கொடுத்தார்கள். எட்டு மணிக்கு எழுந்து வந்துவிட்டோம். ரயிலில் மனைவி ஒன்றும் பேசவில்லை, மறைமலை நகர் தாண்டும்போது, “வீட்ல ரேடியோவையே கேட்டிருக்கலாம்” என்றாள்.

மறுநாள் போன் செய்தேன். “ஆர்ட்டிஸ்டுகளுக்கு உடம்பு சரியில்லை சார், பணம் திரும்பக் கிடையாது” என்றார்கள். அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்தேன். நிகழ்ச்சி நடந்துவிட்டதால் இது நுகர்வோர் பிரச்சினை என்றார்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். அவர்கள் எதிர்த்தரப்புக்குப் புகாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. அது பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நோட்டீஸ், பணம் போன ஸ்கிரீன்ஷாட், சீட்டுப் படம் மூன்றையும் நான் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. துருத்தியை மனைவி போனில் பன்னிரண்டு விநாடி வீடியோவும் எடுத்திருக்கிறாள்.

நீங்கள் டிக்கெட் வாங்குவதாக இருந்தால், “லைவா, ட்ராக்கா? எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?” என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கேளுங்கள். போனில் கேட்டால் எல்லாம் லைவ்தான் என்பார்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். ட்ராக்கில் பாடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி 100, 200 ரூபாய் வாங்கும் குழுக்கள் இருக்கின்றன, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

1915 புகாருக்கு இன்றுவரை எதிர்த்தரப்பு பதில் தரவில்லை. அடுத்த வாரம் செங்கல்பட்டு ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். மனுவை மனைவிதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.