சீ.ஆர். புத்தகமா, போன் படிவமா: தீப்பாதுகாப்புப் பரிசோதனையை எதில் பதிவது?

கல்முனையிலோ காத்தான்குடியிலோ மூன்று மாடித் துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி, அவசர விளக்கு, மெயின் சுவிட்ச் பலகை எல்லாவற்றையும் ஒருவர் பார்க்கிறார். பார்த்ததை எதில் எழுதுவது? கருவியில் தொங்கும் அட்டை, சீ.ஆர். புத்தகம் எனும் தைத்துக் கட்டிய கோடு போட்ட தடித்த கொப்பி, போனில் நிரப்பும் கூகுள் படிவம் என்று மூன்று வழி இருக்கிறது.

அட்டை கட்டாயம் வேண்டும், ஆனால் அது அந்த ஒரு கருவியைப் பற்றி மட்டுமே சொல்லும். பின்கதவு பூட்டிக் கிடந்ததை அதில் எழுத இடமில்லை. கடற்கரைப் பக்கக் கடைகளில் உப்புக்காற்று பட்டு மையும் மங்கிவிடும். ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

புத்தகத்தின் பலம் அதன் தையல். பக்க எண் போட்ட புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். கரண்ட் போனாலும் எழுதலாம், பார்த்தவரின் கையொப்பமும் இருக்கும். தீயணைப்புப் பிரிவிலிருந்தோ காப்புறுதிக் கம்பனியிலிருந்தோ ஆள் வந்தால் எடுத்து நீட்ட வேண்டியதுதான். பலவீனம், ‘சரி, சரி, சரி’ என்று மேலிருந்து கீழே ஒரே பேனையில் இறங்கும் அந்தப் பத்தி. ஆறு மாதத்தையும் ஒரே இருப்பில் எழுதினார்களா என்று புத்தகம் சொல்லாது.

போன் படிவம் அங்கேதான் முந்துகிறது. படம் ஏற்றினால்தான் அடுத்த கேள்வி வரும் என்று வைத்துவிட்டால் கதிரையில் இருந்தபடி நிரப்புவது கஷ்டம். ஆனால் என்ன படம் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பவுடர் கருவியின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கும் படம் அழகாக வரும். குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருப்பது அதில் தெரியாது. குழாய் முனையையும் கிட்டப் பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். கார்பனீரொட்சைட்டுக் கருவிக்கு முள்ளே கிடையாது, தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். 2 கிலோ வாயு கொள்ளும் கருவியில் 200 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது பத்து வீதத்துக்கு மேல் போயிருந்தால், திரும்ப நிரப்பக் கொடுக்க வேண்டும். அதற்கு ‘நல்ல நிலையா?’ என்று கேட்பதில் பயனில்லை, ‘நிறை எத்தனை கிலோ?’ என்றே கேட்க வேண்டும். பின்கதவும் அப்படித்தான். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் துணிப்பொதிகள் படிக்கட்டுவரை இறங்கிவிடும். சாத்திய கதவின் படத்தால் என்ன பிரயோசனம்? திறந்து, வெளியே நின்று உள்ளே பார்த்து எடுத்த படம் வேண்டும். இதே கேள்விகளைப் புத்தகத்திலும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். படம்தான் அதில் வராது.

அவசர விளக்குக்குப் புத்தகமே தோது. மாதாமாதம் மின்னை நிறுத்தி எரிகிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை முழு நேரமும், வழக்கமாக 3 மணித்தியாலம், எரியவிடும்போது தொடங்கிய நேரமும் அணைந்த நேரமும் எழுதுங்கள்.

இரண்டும் தோற்கும் இடம், கண்ட குறையைத் திருத்தினார்களா என்பது. ஜனவரியில் ‘குழாய் வெடிப்பு’, பெப்ரவரியிலும் ‘குழாய் வெடிப்பு’, மார்ச்சிலும் அதே! படிவத்தின் பதில்கள் சேரும் கூகுள் ஷீட்டில் தீராத குறைகளை மட்டும் பிரித்துப் பார்க்க முடிவதால் இதில் போனுக்குக் கொஞ்சம் முன்னிலை. புத்தகக்காரர் யார் திருத்துவது, எந்தத் திகதிக்குள், முடிந்த திகதி என்று மூன்று கோடு கூடுதலாகப் போட்டால் அதே வேலை நடக்கும். படங்களை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பதிவு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரு வாரம் போனால் தேடி எடுக்க முடியாது.

ஒரே கடை, முதலாளியும் அங்கேயே இருக்கிறார் என்றால் சீ.ஆர். புத்தகம் வாங்குங்கள். இரண்டு மூன்று கிளை இருந்தாலோ, பாசிக்குடா விடுதி போல முதலாளி வேறு ஊரில் இருந்தாலோ போன் படிவம். அதை மனேஜரின் சொந்தக் கணக்கில் தொடங்காதீர்கள், அவர் வேலையை விட்டால் பதிவும் அவரோடு போய்விடும். புத்தகக்காரர் எழுதிய அன்றே பக்கத்தைப் படமெடுத்து கடைக்கு வெளியே ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். காசு மேசைக்குக் கீழே கிடக்கும் புத்தகம் தீயில் எரியும், மாரி வெள்ளத்திலும் ஊறிப்போகும்.